மொட்டை மாடியில் நிற்கும் தண்ணீர்

10,000 சதுர அடி பரப்புள்ள ஒரு வணிகக் கட்டடத்தின் மொட்டை மாடியில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அதன் எடை ஏறத்தாழ 93 டன். வடகிழக்குப் பருவமழையின் ஒரு பலத்த இரவு அவ்வளவு தண்ணீரைக் கொண்டுவந்துவிடும். அது ஓடிவிடுமா, தேங்கி நிற்குமா என்பதைக் கைப்பிடிச் சுவரின் அடியில் இருக்கும் நான்கைந்து வடிகால் வாய்கள்தாம் முடிவு செய்கின்றன. அவற்றில் ஒன்றைக் குனிந்து பார்த்தால் தெரியும். இரும்பு ஜாலியின் மேல் வேப்பஞ்சருகு, ஒரு பால் கவர், ஏ.சி. மெக்கானிக் கழற்றிப் போட்டுவிட்டுப் போன இன்சுலேஷன் துண்டு, எப்போதோ கலவை குழைத்த சட்டியைக் கழுவி ஊற்றியதில் இறுகிப்போன சிமென்ட் பொருக்கு. இவற்றில் இரண்டு சேர்ந்தாலே ஒரு வாய் அடைபட்டுவிடும்.

ஆட்கள் ஏறிப் புழங்கும் தட்டைக் கூரைக்குச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன் சுமையைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதித்தொகுப்பு. தண்ணீர்க் கணக்கில் அது சுமார் 15 சென்டிமீட்டர். 2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலை வரை தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். பாதுகாப்புக்கென்று கூடுதல் வலு சேர்த்தே தளங்கள் வடிவமைக்கப்படுகின்றன. ஆகவே 15 சென்டிமீட்டரைத் தொட்டதும் தளம் விழுந்துவிடப் போவதில்லை. ஆனால் மாடி காலியாகவும் இருப்பதில்லை. தண்ணீர்த் தொட்டிகள், வரிசையாக ஏ.சி. யூனிட்டுகள், செல்போன் கோபுரம், இப்போது சோலார் தகடுகள் என்று ஒவ்வொன்றாக மேலே ஏறிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறும்போது தளத்தின் கணக்கை யாராவது எடுத்துப் பார்த்தார்களா என்று கேட்டால் பல கட்டடங்களில் பதில் கிடைக்காது.

பழுது வருவதற்கு முன்பே குறிப்பிட்ட இடைவெளியில் மேலே ஏறிப் பார்த்து, சின்ன வேலைகளை அவ்வப்போது முடித்துவிடுவதுதான் தடுப்புப் பராமரிப்பு. அமெரிக்காவின் தேசியக் கூரை ஒப்பந்ததாரர் சங்கம் ஆண்டுக்கு இரண்டு முறை, வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும், கூரையைச் சோதிக்கச் சொல்கிறது. நம் ஊரிலும் பெரிய அலுவலக வளாகங்கள், மால்கள், மருத்துவமனைகள் இதை ஏ.எம்.சி. என்ற ஆண்டு ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டுவிட்டன. இந்த நடைமுறையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். இன்று பரவலாக நடந்துவரும் விதத்தில் அது சில இடங்களில் ஆபத்தைக் குறைப்பதற்குப் பதில் மறைக்கிறது என்றும் நினைக்கிறேன்.

முதலில் அதன் பலம். கான்கிரீட் தளத்தில் தொடங்கும் கோளாறுகள் மிகச் சின்னவை, மிக மலிவானவை. காக்கை எச்சத்தில் வந்த அரச விதை ஒன்று கைப்பிடிச் சுவரின் வெடிப்பில் முளைத்து இரண்டு இலை விட்டிருக்கும்போது விரலால் கிள்ளி எடுத்துவிடலாம். இரண்டு மழைக்காலம் விட்டுவிட்டால் வேர் செங்கல் இணைப்புக்குள் இறங்கிவிடும். பிறகு சுவரை உடைக்காமல் அதை எடுக்க முடியாது. மாடியில் குழாய்கள் தளத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கும் இடம், தளமும் சுவரும் சேரும் மூலை, எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட், தட்டோடுகளுக்கு இடையிலான இணைப்பு ஆகியவைதான் தண்ணீர் நுழையும் வாசல்கள். கான்கிரீட்டின் நடுப்பரப்பு அவ்வளவு எளிதில் ஒழுகாது. ஆண்டுக்கு இரண்டு தடவை கண்ணும் கையும் இந்த வாசல்களுக்குப் போய் வந்தாலே ஒழுக்கில் பெரும்பகுதி நின்றுவிடும்.

வெயிலின் வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கான்கிரீட் ஒவ்வொரு டிகிரி வெப்ப மாற்றத்துக்கும் தன் நீளத்தில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு நீள்கிறது. 30 மீட்டர் நீளத் தளம் ஒன்றின் வெப்பம் 30 டிகிரி மாறினால் 9 மில்லிமீட்டர் நகர்வு. சித்திரை வெயிலில் கொதித்துக் கிடக்கும் தளத்தில் சாயங்காலம் திடீரென்று ஒரு கோடை மழை விழுந்தால் மேற்பரப்பு சட்டென்று சுருங்குகிறது. 45 மீட்டரைத் தாண்டும் கட்டடங்களில் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் விடுவதைப் பற்றி ஐ.எஸ். 456 பேசுவது இதனால்தான். அந்த ஜாயின்ட்டில் அடைத்த சீலன்ட் வெயிலில் காய்ந்து, ஓரம் விட்டு எழும்பிவிடும். அதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். குனிந்து, கட்டை விரலால் அழுத்திப் பார்க்கும் ஒருவர் போதும்.

இதே வேலையைச் செய்யாமல் விட்டால் கட்டடம் எப்படிப் பழிவாங்கும் என்பதை ஒழுகும் கடை ஒன்றில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். தண்ணீர் மேலே ஓரிடத்தில் நுழையும். தளத்துக்குள் புதைந்த வயர் குழாய்க்குள் புகுந்து பயணம் செய்து, இருபது அடி தள்ளி மின்விசிறிக் கொக்கியில் சொட்டும். கீழே இருப்பவர் விசிறிக்கு நேர் மேலே வெடிப்பு இருப்பதாக நினைத்து அங்கே பூசச் சொல்வார். கொத்தனாரும் அங்கேயே பூசுவார். அடுத்த மழையில் அதே விசிறி மறுபடி சொட்டும். மின் கம்பி ஓடும் குழாயில் தண்ணீர் ஓடுகிறது என்பது எவ்வளவு பெரிய அபாயம் என்பது ஒரு வாளி வைப்பதோடு மறந்துபோகும். இதற்கிடையில் ஈரம் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் தொட்டுவிட்டது. துரு, தான் தின்ற இரும்பைப் போல 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் தளத்தின் அடிப்பூச்சு உப்பி, ஒரு நாள் பெயர்ந்து விழும். கடற்காற்றின் உப்பு படியும் சென்னை, கடலூர், தூத்துக்குடிக் கட்டடங்களில் இந்த வேகம் இன்னும் அதிகம்.

தண்ணீர் சேகரிப்பும் இதே மாடியில்தான் தொடங்குகிறது. 2003இல் தமிழ்நாடு கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் சென்னையில் 1,000 சதுர மீட்டர் மாடியில் விழும் நீர் 14 லட்சம் லிட்டர். மாடி சுத்தமாக இருந்தால்தான் அது நிலத்துக்குள் போகும். இல்லையென்றால் வண்டலும் குப்பையும் போய்ச் சேகரிப்புக் குழியை அடைத்துவிடும்.

இனி குறைகள். முதல் குறை, காலம் தப்பிச் செய்வது. பல கட்டடங்களில் மாடியின் நினைவு செப்டம்பர் கடைசியில்தான் வருகிறது. அதற்குள் தென்மேற்குப் பருவத்தின் சாயங்கால மழையில் தளம் ஈரம் குடித்திருக்கும். ஈரத் தளத்தின் மேல் வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு அடித்தால் உள்ளே சிக்கிய ஈரம் வெயிலில் ஆவியாகி, பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். கொப்புளம் உடைந்த இடத்தில் தண்ணீர் உள்ளே போகும். வெளியே வர வழியில்லாமல் பூச்சுக்கு அடியிலேயே பரவும். பூசாமல் விட்டிருந்தால் அந்தத் தளம் காய்ந்தாவது இருக்கும். வடகிழக்குப் பருவம் ஓய்ந்த ஜனவரியில் சுற்றிப் பார்த்துக் குறித்துக்கொண்டு, மார்ச் முதல் மே வரை தளம் வறண்டு கிடக்கும்போது வேலையை முடித்து, செப்டம்பரில் வடிகால்களை மட்டும் சுத்தம் செய்வதே நம் வானிலைக்குப் பொருந்தும் முறை. வசந்தமும் இலையுதிர் காலமும் நமக்கு எதையும் சொல்வதில்லை. வெளிநாட்டுச் சோதனைப் பட்டியலை அப்படியே எடுத்து ஒப்பந்தத்தில் ஒட்டுவதால் வரும் கோளாறு இது.

இரண்டாவது குறை இதைவிட ஆழமானது. நம் ஊரில் பராமரிப்பு என்றால் மேலே ஒரு அடுக்கு சேர்ப்பது என்று ஆகிவிட்டது. பழைய முறையில் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டி, கடுக்காய் நீரும் வெல்ல நீரும் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். அதன் மேல் தட்டோடு பதிப்பார்கள். வாட்டம் பார்த்துச் செய்த அந்தத் தளங்கள் பல தலைமுறை நின்றன. அந்த அடுக்குக்கும் எடை உண்டு: 10 சென்டிமீட்டர் கனத்தில் சதுர மீட்டருக்கு 150 கிலோவைத் தாண்டும். இன்று அது ஒழுகத் தொடங்கினால் அதைப் பெயர்த்துக் கீழே இறக்குவது செலவு, தூசி, வாடகைதாரர் சண்டை. ஆகவே பழைய ஓட்டின் மேலேயே சிமென்ட் கலவை போட்டுப் புதிய டைல்ஸ் பதிக்கிறார்கள். பத்தாண்டு கழித்து அதன் மேல் இன்னொன்று. அடியில் ஈரம் குடித்த ஜல்லி அப்படியே கிடக்கிறது. மேலே சுமை கூடிக்கொண்டு போகிறது. அடுக்கு ஏற ஏறக் கைப்பிடிச் சுவரின் வடிகால் வாய் தளத்தைவிடத் தாழ்ந்து போய்ப் பாதி புதைந்துவிடுகிறது. பராமரிப்பு என்ற பெயரில் மூன்று கேடுகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

வாட்டம் சரியில்லாத மாடிக்குப் பூச்சு மருந்தாகாது என்பதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. 48 மணி நேரம் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திப் பார்க்கும் சோதனையை ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். அந்தச் சோதனை ஒழுகுகிறதா என்று மட்டுமே சொல்லும். பாத்தியை உடைத்த பிறகு தண்ணீர் முழுவதும் வடிந்ததா, அல்லது நடுவில் குளம் போல நின்றதா என்பதையும் குறிக்க வேண்டும். தண்ணீர் வடிந்து போகும் தளத்தில் சுமாரான பூச்சும் நெடுநாள் உழைக்கும். குளம் நிற்கும் தளத்தில் உயர்ந்த பூச்சுகூட வெயிலுக்கும் பாசிக்கும் நடுவில் கிடந்து சீக்கிரமே தளர்ந்துபோகும்.

அடிப்படையில் கெட்டுப்போன கூரையின் மேல் தடுப்புப் பராமரிப்பைத் தொடர்ந்து செய்தால் என்ன ஆகும் என்பதற்கு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள எலியட் லேக் என்ற சின்ன ஊர் சாட்சி. யுரேனியச் சுரங்கத்தால் வளர்ந்த ஊர் அது. 1980இல் அங்கே அல்கோ சென்டர் மால் திறக்கப்பட்டது. அதன் கூரையே கார் நிறுத்துமிடம். முன்வார்ப்புக் கான்கிரீட் பலகைகளை எஃகுச் சட்டத்தின் மேல் அடுக்கிச் செய்த அந்தத் தளம் தொடக்கத்திலிருந்தே ஒழுகியது. பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பைக் கார்ச் சக்கரங்கள் மாடிக்குக் கொண்டுவந்தன. உப்புத் தண்ணீர் ஜாயின்ட்கள் வழியே இறங்கி எஃகை நனைத்தது. கீழே கடைகளிலும், அதே மாலில் இயங்கிய நூலகத்திலும் வாளிகளும் தார்ப்பாய்களும் வைத்து ஒழுக்கைச் சமாளித்தார்கள்.

முப்பது ஆண்டுக் காலத்தில் அந்தக் கூரையை யாரும் பார்க்காமல் விட்டுவிடவில்லை என்பதுதான் இதில் நெஞ்சை உறுத்துவது. ஜாயின்ட்களில் திரும்பத் திரும்பச் சீலன்ட் அடைத்தார்கள். பொறியாளர்கள் வந்தார்கள், அறிக்கை எழுதினார்கள். உரிமையாளர்கள் மாறினார்கள், மாறியவர்களும் ஒட்டுப் போட்டார்கள். முழுக் கூரைக்கும் புதிய நீர்த்தடுப்பு அடுக்கு போடுவது பெருஞ்செலவு என்பதால் அது தள்ளிப்போனது. 2012இல் விபத்துக்குச் சில வாரங்களுக்கு முன்புகூட ஒரு பொறியாளர் சுற்றிப் பார்த்துவிட்டுக் கட்டமைப்பு உறுதியாக இருப்பதாக எழுதிக் கொடுத்தார். உரிமையாளர் தரப்பு கேட்டுக்கொண்டதற்காக அந்த அறிக்கை திருத்தப்பட்டது என்பது பின்னால் விசாரணையில் வெளிவந்தது. 2012 ஜூன் 23 மதியம், துருவில் கரைந்துபோன ஓர் எஃகு இணைப்பு அறுந்து, கூரையின் ஒரு பகுதி கீழே இருந்த லாட்டரிக் கடை மேல் விழுந்தது. இரண்டு பெண்கள் இறந்தார்கள்.

நீதிபதி பால் பெலாஞ்சர் தலைமையிலான விசாரணை ஆணையம் 2014 அக்டோபரில் அறிக்கை தந்தது. பொருளின் தோல்வியைவிட மனிதரின் தோல்வியே இதில் பெரிது என்பது அதன் முடிவின் சாரம். எனக்கு அந்த அறிக்கையிலிருந்து படுவது இது: ஒழுக்கை ஒரு தொந்தரவாக மட்டுமே எல்லோரும் பார்த்தார்கள். சரக்கு நனைகிறது, வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார், ஃபால்ஸ் சீலிங் கறை படிகிறது என்ற அளவில் அது பேசப்பட்டது. தண்ணீர் எங்கே சொட்டுகிறது என்று ஆண்டாண்டாகக் கேட்டவர்கள், சொட்டுவதற்கு முன் அது எதைத் தொட்டுவிட்டு வந்தது என்று கேட்கவில்லை. தடுப்புப் பராமரிப்பு தன் வழக்கமான வேலைகளைச் செய்துகொண்டே இருந்தது. அது நடந்துகொண்டிருந்ததே, பெரிய பழுதைத் தள்ளிப்போட எல்லோருக்கும் மனச் சமாதானம் தந்தது. நல்ல கூரையின் ஆயுளைப் பராமரிப்பு நீட்டும். கெட்ட கூரைக்கு அதே பராமரிப்பு ஒரு திரை.

நம் சோதனைப் பட்டியல்களை இந்த வெளிச்சத்தில் வாசித்தால் குறை பளிச்சென்று தெரிகிறது. வடிகால் சுத்தமா, ஆம். செடி உண்டா, இல்லை. பூச்சு உரிந்திருக்கிறதா, சில இடங்களில். எல்லாம் மாடிக்கு மேலே. தளத்தின் அடிப்பக்கத்தைப் பார்க்கும் வரியே இருக்காது, ஏனென்றால் அடிப்பக்கம் ஃபால்ஸ் சீலிங்குக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது. நான்கு ஓடுகளைக் கழற்றி, டார்ச் அடித்து, கம்பி ஓடும் கோட்டில் துருக்கறை இருக்கிறதா என்று பார்த்து, சுத்தியலால் தட்டிப் பொள்ளல் சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும். கடையை ஒரு மணி நேரம் மூட வேண்டியிருக்கும் என்பதால் இது தவிர்க்கப்படுகிறது. சோதனை செய்பவரே பழுதுபார்க்கும் ஒப்பந்தக்காரராகவும் இருந்தால் இன்னொரு சிக்கல். அவர் விற்பது பூச்சு என்றால் அவர் கண்ணுக்குப் பூச்சுக் குறைதான் படும். ‘இந்தத் தளத்துக்கு இனி ஒட்டுப் போடாதீர்கள், ஆட்களை வெளியேற்றிவிட்டுக் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்’ என்று எழுதும் அதிகாரமும் அதற்கான துணிச்சலும் ஆண்டு ஒப்பந்தம் எடுத்தவருக்கு இருப்பதில்லை. அப்படி எழுதினால் அடுத்த ஆண்டு ஒப்பந்தம் போய்விடும். பார்ப்பவரும் பூசுபவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும் என்பதை நான் இந்த நடைமுறையின் முதல் திருத்தமாகக் கேட்பேன்.

ஷீட் கூரைகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கிடங்குகள், பட்டறைகள், நூல் மில்கள் எல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகர ஷீட் போட்டவை. அங்கே போல்ட் வாஷர் மாற்றுவது, பள்ளத் தகரத்தில் சேர்ந்த சருகை அள்ளுவது, ஒழுகும் ஓட்டைக்கு எம்சீல் வைப்பது என்று வேலை எளிது. ஆனால் அதைச் செய்ய ஓர் ஆள் மேலே ஏற வேண்டும். வெயிலில் ஆண்டுக்கணக்கில் காய்ந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், மனித எடையைத் தாங்கும் என்று நம்பக் கூடாத பொருள். வெளிச்சத்துக்காக நடுவில் போட்ட ஃபைபர் ஷீட் தூசி படிந்து மற்ற ஷீட்டோடு நிறம் கலந்துவிடும். கால் வைத்த பிறகுதான் வித்தியாசம் தெரியும். ஷீட் உடைந்து கீழே விழுந்து தொழிலாளி இறந்த செய்தி உள்ளூர்ப் பக்கத்தில் நான்கு வரியில் வந்து மறைகிறது. வருமுன் காப்பது என்பது கட்டடத்துக்கு மட்டும் ஆன சொல்லாக இருக்க முடியாது. ஷீட்டைத் தாங்கும் பர்லின் கம்பிகளின் மேல் குறுக்காகப் போடும் நடைபலகை, இடுப்புக் கயிறு, அதைக் கட்ட ஓர் உறுதியான பிடி, கீழே ஒரு வலை ஆகியவற்றுக்கான செலவு விலைப்புள்ளியில் தனி வரியாக இல்லாத ஒப்பந்தத்தை நிராகரிப்பதே சரி. மலிவான பராமரிப்பு என்று நாம் பெருமைப்படும் தொகையில் பல இடங்களில் இந்தச் செலவு சேர்ந்திருப்பதில்லை.

ஏன் இவ்வளவு தெளிவான நன்மை உள்ள ஒரு வேலை இவ்வளவு அரைகுறையாக நடக்கிறது? அலட்சியம் என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். பணம் எப்படிப் போகிறது என்று பார்த்தால் வேறொன்று புலப்படும். வாடகை வருமானத்தை வீட்டுச் சொத்து வருமானமாகக் காட்டும் உரிமையாளர், கட்டிய சொத்து வரியைக் கழித்த பிறகு, மீதியில் 30 சதவீதத்தை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். வணிகக் கட்டட வாடகைக்கும் இது பொருந்தும். பழுதுபார்ப்புக்கு ஒரு ரூபாயும் செலவழிக்காதவருக்கும் அதே 30 சதவீதம். ஆண்டுதோறும் தளத்தைப் பேணியவருக்கும் அதே 30 சதவீதம். கணக்கை எளிமையாக்க வந்த விதி இது, அதில் தவறில்லை. ஆனால் மாடியை மறந்த உரிமையாளருக்கும் பேணிய உரிமையாளருக்கும் இடையே வரிச் சட்டம் வேறுபாடு காட்டுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மறுபக்கம் வாடகைதாரர். மூன்று வருடமோ ஒன்பது வருடமோ இருந்துவிட்டுப் போகப் போகிறவர், தன்னுடையது அல்லாத கூரைக்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு. நனைவது அவர் சரக்கு, முடிவெடுப்பது வேறொருவர்.

இந்த இடைவெளியை அடைக்க ஒரு வழி இருக்கிறது. கட்டட ஆய்வு அறிக்கைகள் உரிமையாளரின் அலமாரியில் பூட்டிக் கிடக்காமல் பொதுமக்கள் பார்க்கக் கிடைக்க வேண்டும் என்று எலியட் லேக் ஆணையம் பரிந்துரைத்தது. நம் ஊரில் அவ்வளவு தூரம் போக நாளாகலாம். ஆனால் வாடகை ஒப்பந்தத்திலேயே இரண்டு வரி சேர்க்க இன்றே முடியும்: கூரைப் பழுது உரிமையாளர் பொறுப்பு, ஒவ்வோர் ஆய்வு அறிக்கையின் நகலும், திருத்தம் எதுவும் இல்லாமல், அந்தக் கூரையின் கீழ் இருக்கும் எல்லா வாடகைதாரருக்கும் தரப்படும். உரிமையாளர் செய்யக் கடமைப்பட்ட பழுதை, அறிவிப்பு கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், வாடகைதாரர் தானே செய்துகொண்டு செலவை வட்டியோடு வாடகையில் கழிக்கலாம் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 108ஆம் பிரிவில் சொல்கிறது. கையில் எந்த ஆதாரமும் இல்லாததால்தான் கடைக்காரர்கள் அந்தப் பிரிவைத் தேடிப் போவதில்லை. தளத்தின் அடிப்பக்கத்தையும் பார்த்து எழுதிய ஒரு பொறியாளரின் அறிக்கை அவர்கள் கையில் இருந்தால், ஜனவரியில் கொடுத்த நோட்டீஸுக்கு மே மாதத்துக்குள் பதில் வேலையாக வந்தாக வேண்டும்.